இரண்டு பேட்டரிக்கட்டை ரேடியோ: கஜாவிலிருந்து இன்றுவரை

இந்த ரேடியோவை 2017-ல் பட்டுக்கோட்டைக் கடை ஒன்றில் அப்பாவுக்காக வாங்கினேன். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு, சின்னப் பேட்டரிக்கட்டை இரண்டு போட்டால் எஃப்எம்மும் மீடியம் வேவும் எடுக்கும், அவ்வளவுதான். ஒரு வருஷம் சமையற்கட்டில் பாடிக்கொண்டு கிடந்தது. அதன் அருமை 2018 நவம்பர் 16-க்கு அப்புறம்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறி பேராவூரணிப் பக்கம் எங்கள் ஊரையும் புரட்டிப் போட்டது. விடிந்து பார்த்தால் எப்போதும் நிழலாகக் கிடக்கும் தென்னந்தோப்புக்குள் பளீரென்று வெயில் அடிக்கிறது. கம்பங்கள் சாய்ந்துவிட்டன, செல்போனில் சிக்னல் இல்லை, மூன்று மைலில் கட்டிக்கொடுத்த தங்கச்சி வீடு நிற்கிறதா என்றுகூடத் தெரியவில்லை. கரண்ட் வர 23 நாள் ஆயிற்று.

கொடைக்கானல் எஃப்எம் 100.5 மலைமேலிருந்து வருவதால் ஏரியலை முழுசாக இழுத்துவிட்டால் ஓரளவு கேட்டது. ஆனால் உண்மையில் கை கொடுத்தது மீடியம் வேவில் திருச்சி வானொலி, 936. சாதாரண நாளில் எல்இடி பல்பும் சார்ஜரும் போடும் இரைச்சலில் மீடியம் வேவைக் கேட்கவே முடியாது. ஊரே இருட்டாகக் கிடந்த அந்த ராத்திரிகளில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல அவ்வளவு தெளிவு. மீடியம் வேவுக்கு ஏரியலை இழுத்துப் பிரயோஜனமில்லை, பெட்டியையே மெதுவாகத் திருப்பிப் பார்க்க வேண்டும், ஒரு கோணத்தில் குரல் நிமிர்ந்து வரும். எங்கள் வீட்டில் அது திண்ணை ஓரம், கதவைப் பார்த்தமாதிரி.

அப்பா நாலு நாள் யாரோடும் பேசவில்லை. அவர் கையால் வைத்த மரங்கள் அவை. செய்தியில் ஒவ்வொரு ஊர்ப் பெயராகச் சொல்லச் சொல்ல, நமக்கு மட்டும் நடந்ததில்லை என்பது மெதுவாக உறைத்திருக்க வேண்டும். மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய் நிவாரணம் என்று கேட்ட அன்றைக்குத்தான் எழுந்து, பழைய நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு விழுந்த மரங்களை எண்ணப் போனார். சாய்ந்த மரத்தை மட்கவிட்டால் காண்டாமிருக வண்டு பெருகி மிஞ்சிய கன்றையும் தின்னும் என்பதும் விவசாய நிகழ்ச்சியில் கேட்டதுதான். சாயங்காலம் தெருவே எங்கள் திண்ணைக்கு வந்துவிடும். புயல் வருகிறது என்று சொல்ல ஆயிரம் வழி இருக்கிறது, புயல் போன பிறகு தினமும் வந்து பேசியது இது ஒன்றுதான்.

ஜப்பானில் 2011 சுனாமிக்குப் பிறகு பல ஊர்களில் தற்காலிக எஃப்எம் நிலையமே தொடங்கினார்களாம், தண்ணீர் எங்கே கிடைக்கும், எந்தக் கடை திறந்திருக்கிறது என்று சொல்ல. நாகை மாவட்டம் விழுந்தமாவடியில் களஞ்சியம் சமுதாய வானொலி இருக்கிறது. நம் கடற்கரையில் இருபது முப்பது கிலோமீட்டருக்கு ஒன்று அப்படி வேண்டும் என்பது என் ஆசை.

கஜாவுக்கு அப்புறம் ஆசைப்பட்டு, கையால் சுற்றினால் சார்ஜ் ஏறும் ரேடியோ ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். டார்ச், சோலார் எல்லாம் உண்டு. இரண்டாம் வருஷமே உள்ளே இருந்த பேட்டரி போய்விட்டது, மாற்றவும் வழியில்லை. பழசு இன்னும் பாடுகிறது. ஒரே ஒரு தடவை, கட்டையை உள்ளேயே மாதக்கணக்கில் விட்டு அது கசிந்து ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் பூத்துவிட்டது, உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்தேன்.

வாங்கப் போகிறவர்கள் மீடியம் வேவ் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், இப்போது வருவதில் பல எஃப்எம்மும் ப்ளூடூத்தும் மட்டும்தான். கட்டையைத் தனியாக வையுங்கள். நான் ஐப்பசி பிறந்ததும் புதுசாக நாலு வாங்கி, ரேடியோவோடு ஒரே பிளாஸ்டிக் பையில் போட்டு, அப்பாவின் அந்த நோட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவேன்.