முகம் மெழுகாகாமல் ரீடச்: எந்தப் படத்துக்கு எந்த வழி?

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் புறஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். டிசம்பர், ஜனவரியில் உறைபனியும் சேர்ந்துகொள்ளும். கன்னம் வெடித்துச் சிவந்து, உதட்டோரம் தோல் உரிந்த முகத்தோடுதான் நம் ஊர் மணப்பெண் கேமரா முன் வந்து நிற்கிறார். "பளிச்சுனு இருக்கணும்ணா, ஆனா நான் நானா தெரியணும்" என்கிறார். நியாயமான ஆசைதான். ரீடச்சில், அதாவது எடுத்த படத்தில் முகத்தின் குறைகளைத் திருத்தும்போது, அதை எந்த வழியில் நிறைவேற்றுவது என்பதில்தான் போட்டோக்காரர்கள் நமக்குள் சண்டை.

எந்தக் கட்சியாக இருந்தாலும் முதல் வேலை ஹீலிங் பிரஷ். 2002-ல் ஃபோட்டோஷாப் 7-ல் வந்த கருவி. நாம் காட்டும் இடத்தின் டெக்ஸ்சரை (தோலின் நுண்ணிய மேடுபள்ளத்தை) எடுத்து, ஒட்டும் இடத்தின் நிறத்தோடும் வெளிச்சத்தோடும் கலந்துவிடும். பரு, கொசுக்கடி, உரிந்த தோல் எல்லாம் இதிலேயே போய்விடும். மச்சத்தையும் பழைய தழும்பையும் கேட்காமல் தொடக்கூடாது. பனிமூட்டத்தில் எடுத்த படமென்றால் பெரும்பாலும் இதோடு எழுந்துவிடலாம். மூட்டத்தில் வெளிச்சம் நாலா பக்கமும் இருந்து வருவதால் பள்ளம் மேடு அவ்வளவாகத் தெரியாது.

உச்சி வெயிலில், சரிந்த தேயிலைத் தோட்டத்தில் எடுத்த படம்தான் பாடாய்ப் படுத்தும். இங்கேதான் ஃப்ரீக்வென்சி செபரேஷனா, டாட்ஜ் அண்ட் பர்னா என்ற கேள்வி.

முதலாவதில் படத்தை இரண்டாகப் பிரிக்கிறோம். கீழ் லேயரை (அடுக்கை) காஸியன் பிளர் போட்டு மங்கலாக்குகிறோம். அதில் நிறமும் நிழலும் மட்டும் நிற்கும். மேல் லேயரில் அப்ளை இமேஜ் போய் சப்ட்ராக்ட், ஸ்கேல் 2, ஆஃப்செட் 128, பிறகு பிளெண்டிங்கை லீனியர் லைட்டுக்கு மாற்றினால் துவாரமும் பூனைமுடியும் தனியாக வந்துவிடும். இது 8 பிட் படத்துக்கான கணக்கு. நிறப்படிகள் அதிகமுள்ள 16 பிட் படத்தில் ஆட், இன்வர்ட், ஆஃப்செட் 0. இனி கீழே லாசோவால் ஓர் இடத்தை வளைத்து மழுப்பினாலும் மேலே டெக்ஸ்சர் அப்படியே இருக்கும் என்பது வாக்குறுதி. பாதிதான் உண்மை. பருவின் வீக்கமும் வெடிப்புத் திட்டும் துவாரத்தைவிடப் பெரியவை, நிழலைவிடச் சிறியவை. பிளருக்கு எந்த ரேடியஸ் (அளவு) வைத்தாலும் இரண்டு லேயரிலும் கொஞ்சம் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். கீழே தாராளமாக மழுப்பினால் தட்டையான கன்னத்தின் மேல் துவாரம் மட்டும் மிதக்கும், ஆரஞ்சுத் தோலை ஒட்டவைத்த மாதிரி. வேகமானது என்பதால்தான் கை தாராளமாகிவிடுகிறது.

டாட்ஜ் அண்ட் பர்னில் எதையும் மழுப்புவதே இல்லை. ஒரு கர்வ்ஸ் லேயரில் வெளிச்சத்தை ஏற்றி, இன்னொன்றில் இறக்கி, இரண்டையும் கறுப்பு மாஸ்க்கால் மறைத்துவிடுகிறோம்; வெள்ளை பிரஷ் படும் இடத்தில் மட்டும் அது வெளிப்படும். பிரஷ்ஷின் ஃப்ளோ (ஒரு தீற்றலில் இறங்கும் அளவு) 1 முதல் 3 சதவீதம். கருத்த திட்டை லேசாகத் தூக்கு, பளபளத்த இடத்தை லேசாக இறக்கு, அவ்வளவுதான். துவாரம் இருந்த இடத்திலேயே இருக்கும். மேலே தற்காலிகமாக ஒரு பிளாக் அண்ட் ஒயிட் லேயர் போட்டால் திட்டு நன்றாகக் கண்ணில் படும்.

ஊட்டியில் 1967 முதல் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 'இந்து' ஃபிலிம் தயாரித்த காலத்தில், ஸ்டுடியோக்களில் நெகட்டிவ் மீதே கூர்மையான பென்சிலால் ரீடச் செய்வார்கள். கண்ணுக்குக் கீழ் உள்ள கருப்பு நெகட்டிவில் வெளிறித் தெரியும். அங்கே பென்சில் தீற்றினால் பிரிண்டில் அந்த இடம் வெளுக்கும். இன்றைய டாட்ஜ் அதேதான், அழிக்கும் வசதியோடு.

குறை இல்லாமல் இல்லை. ஒரு முகத்துக்கே ஒரு மணி நேரம் போய்விடலாம். பனியில் சிவந்த கன்னத்துக்கும் இது உதவாது, ஏனென்றால் அது வெளிச்சப் பிரச்சினை இல்லை, நிறப் பிரச்சினை. ஃப்ரீக்வென்சி ஆட்கள் இங்கே காலரைத் தூக்கிவிடுவார்கள். ஆனால் அதற்கும் நிறத்தை மட்டும் மாற்றும் கலர் மோடில் ஒரு காலி லேயர், பக்கத்துத் தோல் நிறம், குறைந்த ஃப்ளோவில் பிரஷ் போதும்.

லைட்ரூம் மென்பொருளில் 2019-ல் வந்த டெக்ஸ்சர் ஸ்லைடர், ஆல்பத்தில் குவியும் நூற்றுக்கணக்கான படங்களுக்கு. தோலை மட்டும் மாஸ்க் செய்து மைனஸ் 10, 15-ல் நிறுத்துங்கள். கிளாரிட்டி ஸ்லைடரை அப்படி மைனஸில் இழுத்தால் முகம் வெளிறி மங்கிவிடும்.

ஒரே கிளிக்கில் முடிக்கும் ஏஐ செயலிகளை வயதானவர்கள் முகத்தில் நான் விடுவதே இல்லை. நீலகிரியின் படுகர் இனப் பாட்டிமார் சிலர் நெற்றியில் பச்சை குத்தியிருப்பார்கள். நீலம் பாய்ந்த அந்தப் புள்ளிகள் கறையா கோலமா என்று செயலிக்கு எப்படித் தெரியும்? புள்ளி மங்கி, சுருக்கமும் பாதி காணாமல் போனால், வீட்டில் மாட்டும்போது பேரன் கேட்பான், "இது யாருண்ணா?" ஃப்ரீக்வென்சி செபரேஷனிலும் இந்த ஆபத்து உண்டு: பச்சைகுத்தலின் நிறம் கீழ் லேயரில் கரைந்து, ஓரக்கோடு மட்டும் மேலே தங்கும்.

ஆக, 12x18 அங்குல ஃபிரேமுக்குப் போகும் ஒன்றிரண்டு படங்களுக்கு ஹீலிங், அப்புறம் டாட்ஜ் அண்ட் பர்ன், ஆல்பத்துக்கு ஸ்லைடர். ஃப்ரீக்வென்சி செபரேஷன் நெற்றி எண்ணெய்ப் பளபளப்புக்கு மட்டும், அதுவும் லேயரின் ஒபாசிட்டியை (அடர்த்தியை) பாதியாக்கி. லேப்டாப் இல்லையென்றாலும் பரவாயில்லை. ஸ்னாப்சீட் என்ற ஃபோன் செயலியில் ஹீலிங்கும் உண்டு, பிரஷ்ஷில் டாட்ஜ் அண்ட் பர்னும் உண்டு. அதன் அளவை 5-க்கு மேல் வைக்காமல் விரலால் தடவிப் பாருங்கள்.