பம்போடு வரும் காகிதம்: 1 எச்.பி. போர்வெல் மோட்டார் கையேடுகள் எப்படி இருக்கின்றன?

போர்வெல் மோட்டார் வாங்கப் போனால் ஸ்டேஜ் (தண்ணீரைத் தள்ளும் சக்கர அடுக்கு) எத்தனை, காயில் (மோட்டாருக்குள் சுற்றிய கம்பி) தாமிரமா, வாரண்டி எத்தனை மாதம் என்று விசாரிக்கிறோம். டப்பாவுக்குள் கிடக்கும் கையேட்டைக் கடையிலேயே பிரித்துப் பார்ப்பவர் அரிது. இறக்கிய சில மாதங்களில் காயில் புகைந்துபோகும்போது, அந்தக் காகிதம் சரியாகச் சொல்லாமல் விட்ட ஒரு வரி காரணமாக இருப்பது உண்டு. அதனால் கையேட்டையும் பம்பின் ஒரு பாகமாகவே வைத்து மதிப்பிடுகிறோம். எடுத்துக்கொண்டது வீடுகளுக்கு அதிகம் போகும் வகை: 4 அங்குல போர், 1 எச்.பி., சிங்கிள் ஃபேஸ், உள்ளே தண்ணீர் நிரப்பி இறக்கும் மோட்டார்.

முதலில் நேம் பிளேட். இதில் குறை சொல்ல அதிகம் இல்லை. நீர்மூழ்கி பம்புசெட்டுக்கான ஐ.எஸ். 8034 தரக்குறியோடு வரும் பம்பில் ஹெட் (தண்ணீரை ஏற்ற வேண்டிய மொத்த உயரம்), டிஸ்சார்ஜ் (வெளியே தள்ளும் தண்ணீரின் அளவு), வோல்டேஜ், ஆம்பியர் எல்லாம் பொறித்திருக்கும். சிக்கல் அதற்கு அடுத்த படியில். 'ஹெட் 40–90 மீ' என்றால் என்ன அர்த்தம் என்று கையேடு விளக்குவதில்லை. வாங்குபவர் போரின் ஆழத்தைச் சொல்கிறார், கடைக்காரர் அதற்கு ஏற்ற பம்பை எடுத்து வைக்கிறார். உண்மையில் பார்க்க வேண்டியது மோட்டார் ஓடும்போது நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்பதைத்தான். 300 அடி போரில் 250 அடியில் பம்ப் தொங்கினாலும், ஓடும்போது தண்ணீர் 200 அடியில் நின்றால் கணக்கு அந்த 200 அடிக்குத்தான். அது 61 மீட்டர். மாடித் தொட்டிக்கு 30 அடி, அதாவது 9 மீட்டர். குழாய் உராய்வுக்கு 5 மீட்டர் வைத்தால் மொத்தம் 75. இந்த ஒரு கணக்கைப் படம் போட்டுக் காட்டும் கையேட்டுக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். காட்டாவிட்டால் 25 மீட்டர் தேவைப்படும் இடத்தில் 'பெரிசா இருக்கட்டும்' என்று இதே 40–90 பம்பை இறக்குவார்கள். ஹெட் வரம்புக்குக் கீழே ஓடும் பம்ப் அளவுக்கு மீறித் தண்ணீர் தள்ளும், ஆம்பியர் ஏறும், மின்சாரத்தைத் துண்டித்து மோட்டாரைக் காக்கும் ஓவர்லோட் சுவிட்ச் அடிக்கடி விழும்.

அடுத்தது தண்ணீர் நிரப்பும் பக்கம். 'மோட்டாரில் சுத்தமான நீர் நிரப்பவும்' என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடுகிற கையேடுகளே கண்ணில் படுகின்றன. வேலை செய்பவருக்கு இது போதாது. மோட்டாரை நேராக நிறுத்த வேண்டும். மேலே உள்ள இரண்டு பிளக்கையும் கழற்றி, ஒரு துளையில் குடிதண்ணீரை மெதுவாக ஊற்ற வேண்டும். மறு துளையில் குமிழி நின்று தண்ணீர் வழியும்வரை மோட்டாரை லேசாக அசைத்துக் கொடுக்க வேண்டும். அரை மணி நேரம் விட்டுப் பார்த்தால் மட்டம் கொஞ்சம் இறங்கியிருக்கும். மறுபடி நிரப்பி பிளக்கை இறுக்க வேண்டும். அவசரத்தில் காற்று உள்ளே தங்கிவிட்டால் பேரிங்குக்குத் தண்ணீர் போய்ச் சேராது, காய்ந்து தேயும். பக்கத்தில் கிடக்கும் உப்புத் தண்ணீரையோ மணல் கலங்கிய தண்ணீரையோ ஊற்றக் கூடாது என்பதையும் அதே பக்கத்தில் சொல்லியாக வேண்டும்.

எவ்வளவு நீளத்துக்கு எந்தத் தடிமன் என்று சொல்லும் கேபிள் அட்டவணை சில கையேடுகளில் நன்றாகவே இருக்கிறது, சிலவற்றில் அறவே இல்லை. இல்லாததன் விலை இது: பேனலிலிருந்து (மோட்டாரின் சுவிட்ச் பெட்டி) மோட்டார் வரை 100 மீட்டர், மோட்டார் 7.5 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1.5 சதுர மி.மீ. தாமிரக் கேபிளில் ஏறத்தாழ 18 வோல்ட் வழியிலேயே போய்விடும். 2.5 போட்டால் 11 வோல்ட்தான். ஏற்கெனவே 200 வோல்ட்டில் தவிக்கும் ஊரில் இந்த 7 வோல்ட் வித்தியாசம் மோட்டாரின் ஆயுளோடு விளையாடும்.

வயரிங் படத்தைப் பார்த்தால்தான் உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று நிறத்தை நம்பி வரைந்த படத்தைக் கருப்பு வெள்ளையில் அச்சடித்துக் கொடுத்தால் யாருக்குப் பயன்? ரன்னிங் காயிலும் ஸ்டார்ட்டிங் காயிலும் இடம் மாறிப்போனாலும் மோட்டார் சில சமயம் ஓடும். ஓடி, சூடேறி, புகையும். கப்பாசிட்டரும் அப்படித்தான். 36 எம்.எஃப்.டி. (மைக்ரோஃபாரட், கப்பாசிட்டரின் அளவு) கேட்கும் மோட்டாருக்குக் கையில் இருக்கிறதே என்று 50 போட்டால் ஸ்டார்ட்டிங் காயிலில் கரண்ட் கூடும். இந்த இரண்டு செய்தியும் கையேட்டில் இருந்தால் மட்டும் போதாது, பேனல் கதவின் உள்பக்கத்தில் நிறத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். கையேடு பில்லோடு பீரோவுக்குப் போய்விடும். எலக்ட்ரீஷியன் நிற்பது பேனலுக்கு முன்னால்தான். டப்பாவில் க்யூ.ஆர். கோடு போட்டிருக்கிறோம் என்கிறார்கள். டப்பா பழைய பேப்பர் கடைக்குப் போன பிறகு அதை எங்கே ஸ்கேன் செய்வது?

தயாரிப்பாளருக்கு இதில் நேரடியான காசுக் கணக்கு இருக்கிறது. 250 அடியிலிருந்து பம்பை ஏற்றி, ரீவைண்டிங் செய்து, திரும்ப இறக்கும் ஒவ்வொரு முறையும் கூலி, வண்டி, வாரண்டி வாக்குவாதம் எல்லாம் சேர்கின்றன. திரும்பி வராத பம்பைத்தான் கடைக்காரர் அடுத்தவருக்கும் எடுத்துக் கொடுப்பார். கோவை பம்பு வட மாநிலங்களுக்கும் போகிறது. அங்கே பம்பை இறக்கிப் பொருத்தும் பிட்டருக்குப் புரியும் மொழியில் கையேடு இல்லாவிட்டால் சரக்கு எவ்வளவு நன்றாக இருந்தும் பெயர் கெடும். சட்டமும் சும்மா இல்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 84ஆம் பிரிவின்படி, சரியாகப் பயன்படுத்தப் போதுமான அறிவுரை தராததும் தயாரிப்பாளரின் பொறுப்பில் வருகிறது.

கடைசிப் பக்கம், பழுது அட்டவணை. 'மோட்டார் ஓடவில்லை: எலக்ட்ரீஷியனை அணுகவும்' என்று இருந்தால் அந்தப் பக்கமே வீண். தண்ணீர் குறைந்து ஆம்பியரும் குறைந்தால் நீர்மட்டம் இறங்கியிருக்கலாம்; தண்ணீர் குறைந்து ஆம்பியர் கூடினால் மணல் அடைப்போ பேரிங் பிடிப்போ இருக்கலாம் என்று பிரித்துச் சொல்லும் கையேட்டைத் தேடி வாங்குங்கள். அதோடு, இறக்கிய அன்று டாங் டெஸ்டரில் (கம்பியைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கருவி) பார்த்த வோல்ட், ஆம்பியர், கூடவே நீர்மட்டம் என மூன்றையும் எழுத பேனல் கதவில் ஒரு கட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மார்க்கரால் நீங்களே எழுதி வையுங்கள். ஒரு வருடம் கழித்து சர்வீஸுக்குப் போன் செய்யும்போது அந்த மூன்று எண்ணையும் இன்றைய அளவையும் சேர்த்துச் சொன்னால், பம்பை ஏற்ற வேண்டுமா வேண்டாமா என்பது போனிலேயே ஓரளவு தெரிந்துவிடும்.