மீன் நல்லம், கடைக்காரர் சொல்லாமல் விட்டதுதான் பிரச்சினை

மட்டக்களப்பு டவுனில் நான் தொட்டியில் வளர்க்கக் கடல் மீன் வாங்கிய கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் மீனில் ஒரு குறையும் இல்லை. டொமினோ டாம்சல் ஒன்று, பெருவிரல் நகமளவு, மைக்கறுப்பு உடம்பில் மூன்று வெள்ளைப் பொட்டு. என் கண்முன்னே தீனி போட்டு, அது தின்பதைக் காட்டித்தான் தந்தார்கள். ஒட்சிசன் அடித்துக் கட்டிய பையும் கல்லடி வரைக்கும் ஒரு சொட்டுக் கசியவில்லை.

புதுத் தொட்டி என்றதும் "இதப் போடுங்க தம்பி, சாகாது" என்றார் கடைக்காரர். உண்மைதான், சாகவில்லை. மீன் கழிவில் சேரும் நச்சான அமோனியாவை நைத்திரைற்றாகவும் அதை நைத்திரேற்றாகவும் மாற்றுகிற பக்ரீரியா வளரும்வரை வேறு மீன் தாங்காத தண்ணீரில் இது துள்ளித் திரிந்தது. அதற்காக ஒரு உயிரை நச்சில் விட்டது பிழை, மீனே இல்லாமல் தீனித் துகள் போட்டும் பக்ரீரியாவை வளர்க்கலாம் என்று பிறகுதான் அறிந்தேன். ஆனால் முதலில் போன டாம்சலுக்கு முழுத் தொட்டியும் தன் காணிதான் என்பதையோ, இந்த நகமளவு மீன் 14 சென்ரிமீற்றர் வரை வளரும் என்பதையோ அவர் மூச்சே விடவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து அங்கேயே இரண்டு கோமாளி மீன் வாங்கினேன். அவையும் டாம்சல் குடும்பம்தானே, சொந்தக்காரர் ஒத்துப்போவார்கள் என்று நினைத்தது என் மடத்தனம். விடியப் பார்த்தால் ஒன்றின் வால் சீப்புப் பல் மாதிரிக் கிழிந்திருந்தது, மற்றது பில்டர் குழாய்க்குப் பின்னால் ஒடுங்கி நின்றது. கண்ணாடியில் காதை வைத்தால் டக், டக் என்று சத்தம், துரத்தும்போது டொமினோ போடுவது. பாசி துடைக்கக் கை விட்டால் எனக்கும் கடி.

கல்லை மாற்றி அடுக்கினேன், இரண்டு நாள் குழம்பி நின்றுவிட்டு அப்புறம் பழையபடி தொடங்கியது. வலைக்கும் சிக்கவில்லை. கடைசியில் சோடாப் போத்தலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகி உள்ளே இறால் துண்டு வைத்தேன், 10 நிமிடத்தில் ஆள் உள்ளே.

திருப்பிக் கொண்டுபோனால் மீனை எடுத்தார், காசு தரவில்லை. "சண்டை பிடிக்கிற சாதிதானே" என்று சிரித்தார். அதை முதல் நாளே சொன்னால் என்ன?

மீனுக்கு 5இல் 4, ஆலோசனைக்கு 1. டாம்சல்தான் வேண்டுமென்றால் மற்ற மீன்களெல்லாம் பழகிய பிறகு கடைசியாக விடுங்கள். இன்னொன்று, கடல் தண்ணீர் அள்ளிப் பாவிப்பவர்கள், மழைக்கு முகத்துவாரம் வெட்டி வாவித் தண்ணீர் கடலில் கலக்கிற நாட்களில் அள்ளாதீர்கள், உப்பைக் காட்டும் ஒப்படர்த்தி, கடல் தொட்டிக்கு வேண்டிய 1.025க்கு நன்றாகக் கீழே போய்விடும்.

கோமாளியின் வால் இப்போது பாதி வளர்ந்திருக்கிறது.