தனி கராஜில் பியர் காய்ச்சும் மின்சாரப் பானை: இரண்டு வருடம் பயன்படுத்திய பிறகு

பானை நல்ல பானை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் கராஜுக்கு 240 வோல்ட் லைன் இழுக்க வழியில்லாதவர்கள் இதை வாங்குவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள். ஒரே பாத்திரத்தில் தானியம் ஊறவைத்து, கொதிக்கவைத்து, ஆறவைக்கிற 40 லிட்டர் எஃகுப் பானை இது, அடியில் ஹீட்டர், பக்கத்தில் சின்ன பம்ப். சந்தையில் இந்த மாதிரி நாலைந்து நிறுவனங்கள் செய்கின்றன, என்னுடையது எது என்று சொல்லப் போவதில்லை, குறைகளில் பாதி இந்த வகைக்கே பொதுவானவை.

நாங்கள் இருப்பது ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாண்டில், பழைய வீடு. கராஜ் வீட்டோடு ஒட்டாமல் கொல்லைப்புற மூலையில் தனியாக நிற்கிறது, இந்தக் காலத்துக் கார் அதற்குள் நுழையாது. சமையலறையில் காய்ச்சிய வரைக்கும் இரண்டு நாளைக்கு வீடு முழுக்க ஹார்லிக்ஸ் வாசனை (ஹார்லிக்ஸும் முளைகட்டிய பார்லிதானே). அதனால் எல்லாவற்றையும் கராஜுக்குக் கொண்டுபோனேன். கேஸ் பர்னர் வைக்கலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். மழைக்குக் கதவை மூடிக்கொண்டு புரொபேன் எரித்தால் கார்பன் மோனாக்சைடு உயிரையே எடுத்துவிடும், இங்கே வருடத்தில் பாதி நாள் மழை. ஆகவே மின்சாரம்தான் என்று முடிவு செய்தேன்.

இந்தப் பானையில் 120 வோல்ட், 240 வோல்ட் இரண்டுக்கும் ஸ்விட்ச் உண்டு. முதல் நாலு மாதம் கராஜில் ஏற்கெனவே இருந்த 120 வோல்ட் பிளக்கில்தான் ஓட்டினேன். அதில் 1600 வாட்தான் கிடைக்கும். 30 லிட்டர் தண்ணீரை 15 டிகிரியிலிருந்து 67 டிகிரிக்குக் கொண்டுவரக் கணக்குப்படியே ஒரு மணி நேரத்துக்கு மேல், அதிலிருந்து கொதிக்க இன்னும் முக்கால் மணி நேரம், குளிரில் பானையின் சுவர் வழியாகப் போகிற சூடு தனி. கொதிப்பும் தளதளவென்று வராது, மேலே லேசாக நெளியும், அவ்வளவுதான். போதாததற்கு அதே லைனில் ஃப்ரீசரும் ஓடியதால் நடுவில் பிரேக்கர் விழுந்துவிடும். 240 வோல்ட்டில் 2800 வாட். அதே தண்ணீர் 40 நிமிடத்தில் தயார், ஒரு நாள் வேலை அரை நாளாகச் சுருங்கிவிட்டது.

லைன் இழுத்த கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பானைக்குக் கொடுத்த பணத்தைப் போல மூன்று மடங்கு அதற்குத்தான் போனது. தனிக் கட்டடம் என்பதால் தோட்டத்துக்குக் குறுக்கே பள்ளம் தோண்டி, பிவிசி குழாயை 18 அங்குல ஆழத்தில் புதைத்து, கராஜில் சப் பேனல் (கிளை மின்பெட்டி) வைத்து, அதற்கென்று தனி எர்த் ராடும் அடிக்க வேண்டும். பெர்மிட் வாங்கி, ஆய்வாளர் வந்து பார்த்த பிறகுதான் மண்ணை மூடலாம். பானைக்கு மட்டும் என்றால் 20 ஆம்பியரே தாராளம். ஆனால் பள்ளம் ஒரு தடவைதானே தோண்டப் போகிறோம் என்று 60 ஆம்பியருக்குப் போட்டேன், அதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. பானை பிளக்குக்கு, மின்கசிவு வந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் ஜிஎஃப்சிஐ பிரேக்கர் கட்டாயம் வையுங்கள். ஈரத் தரையில் நின்றுகொண்டு செய்கிற வேலை இது.

அப்புறம் நீராவி. இதை யாரும் எனக்கு முன்னாலேயே சொல்லவில்லை. ஒரு மணி நேரக் கொதிப்பில் மூன்று நாலு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போகிறது, எங்கே போகும்? முதல் குளிர்காலத்தில் ஒரு நாள் அண்ணாந்து பார்த்தேன். கூரைப் பலகையைத் துளைத்து உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் நூற்றுக்கணக்கான ஆணி முனைகளில் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு, துருவின் பழுப்பு நிறத்தில், விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே மூடியில்லாத பானை. அன்று காய்ச்சியதை அப்படியே கீழே ஊற்றினேன். பிறகு பானைக்கு மேலே ஒரு தகரக் கவிப்பு, 6 அங்குலக் குழாய், வெளியே தள்ளும் விசிறி. குழாயை வெளிப்பக்கம் சரிவாக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளேயே தண்ணீராகித் திரும்பி வரும். கதவையும் ஒரு சாண் திறந்து வையுங்கள், உள்ளே காற்று வந்தால்தானே விசிறி வெளியே தள்ளும்.

இனி பானை. வெப்பமானி அடியில் இருக்கிறது, அதனால் திரையில் 67 என்று காட்டும்போது தானியத்தின் நடுவில் தனி வெப்பமானியைச் செருகினால் 63தான் இருக்கும். பம்பை ஓடவிட்டு, கால் மணிக்கொரு தடவை கிளறிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். சும்மா விட்டீர்கள் என்றால் சர்க்கரை சரியாக இறங்காது. பம்ப் வாயில் இருக்கும் சல்லடை ரொம்பச் சின்னது, பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் துகள் அடைத்துக்கொள்ளும், ஹாப்ஸைத் துணிப்பையில் கட்டிப் போட்டால் பிரச்சினை இல்லை. அடித்தட்டில் மாவு படிந்து கருகினால் பியரில் தீய்ந்த ருசி நிச்சயம், ஆகவே ஒவ்வொரு தடவையும் தேய்த்துக் கழுவ வேண்டும், சோம்பல் கூடாது.

ஐந்து கிலோ பார்லி தண்ணீர் குடித்தபின் பத்து கிலோவுக்கு மேல் கனக்கும். அதை உள்கூடையோடு, சுடச்சுட, வடிய வடிய மேலே தூக்க வேண்டும். முதுகு பிடித்துக்கொண்டது. இப்போது உத்தரத்தில் ஒரு கப்பி மாட்டியிருக்கிறேன், ஊரில் கிணற்றில் தண்ணீர் இறைத்த அதே மாதிரி. கயிற்றை இழுத்து ஆணியில் சுற்றிவிட்டால் கூடை தன்பாட்டுக்கு வடிந்துகொண்டிருக்கும். தனிக் கராஜில் மேலே உத்தரம் இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்று அன்றுதான் தெரிந்தது.

தண்ணீர் விஷயத்தில் எங்களுக்கு யோகம். போர்ட்லாண்டுக்கு வருவது புல் ரன் காட்டில் பெய்யும் மழைநீர், உப்பே இல்லாத மென்னீர், பில்ஸ்னர் என்ற வெளிர்நிற பியருக்கென்றே வந்த மாதிரி. ஆனால் அதில் கிருமி கொல்லக் குளோரமைன் கலக்கிறார்கள், கொதிக்கவைத்தால் அது எளிதில் போகாது, விட்டால் பியரில் பிளாஸ்திரி வாசனை வரும். அதை முறிக்க ஒரு பானைக்கு அரை கேம்டன் மாத்திரை போதும். தோட்டத்து ரப்பர் ஹோஸிலும் பிடிக்காதீர்கள், குடிநீருக்கென்று விற்கும் வெள்ளை ஹோஸ் வாங்குங்கள்.

ஈஸ்ட் வேலை செய்வது பழைய ஃப்ரீசர் ஒன்றுக்குள். இங்க்பேர்ட் ஐடிசி-308 என்ற கன்ட்ரோலரில் இரண்டு பிளக், ஒன்றில் ஃப்ரீசர், இன்னொன்றில் சூடேற்றும் பட்டை. கோடையோ குளிரோ, 19 டிகிரியில் நிறுத்திவிடுகிறது. இந்த மொத்த ஏற்பாட்டில் கொடுத்த காசுக்கு மேல் உழைப்பது இதுதான். ஒரு எச்சரிக்கை: 19 லிட்டர் பியர் நொதித்து முடிவதற்குள் 350 லிட்டருக்கும் மேல் கரியமில வாயு வெளியேறும். ஃப்ரீசர் மூடியைத் திறந்ததும் தலையை உள்ளே விட்டால் சோடா மூக்கில் ஏறியது போலச் சுரீரென்று எரியும். திறந்துவைத்துவிட்டுச் சற்றுப் பொறுத்துக் குனியுங்கள்.

சட்டம் பற்றிக் கேட்பீர்கள். அமெரிக்காவில் 1978இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டப்படி, வீட்டில் வயது வந்தவர் ஒருவர் என்றால் வருடத்துக்கு 100 கேலன், இரண்டு பேரோ அதற்கு மேலோ என்றால் 200 கேலன் வரை காய்ச்சலாம், விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு இறங்கிவிடாதீர்கள், அங்கே இது குற்றம்.

பானைக்கு ஐந்தில் நாலு கொடுப்பேன், அதுவும் 240 வோல்ட்டில் மட்டும். 120 வோல்ட்டில் இரண்டரைதான். கராஜில் இன்னும் சாக்கடை இணைப்பு இல்லை, கழுவிய தண்ணீரை வாளி வாளியாகச் சுமந்துபோய் ஊற்றுகிறேன். அடுத்த கோடையில் அதற்கு ஒரு பள்ளம் தோண்ட வேண்டும். மின்சாரத்துக்குத் தோண்டிய அன்றே விசாரித்திருக்க வேண்டியது.