ஐஎஸ்ஓ எண்ணா, ஆர்எஃப்சியா?

நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து எழுதிய ஒரு பதிவுக்கோப்பு வடிவத்தின் ஸ்பெக் (அந்த வடிவத்தின் விதிகளைச் சொல்லும் ஆவணம்) மூன்று வருடம் இணையத்தில் திறந்தபடி கிடந்தது. எடுத்துப் பயன்படுத்தவும் செய்தார்கள். பெரிய நிறுவனங்களில் மட்டும் முதல் கேள்வியே "இதற்குத் தரநிலை எண் இருக்கிறதா?" என்பதுதான். சரி, வாங்கிவிடலாம் என்று இறங்கினோம். பல துறைகளுக்கும் தரநிலை வகுக்கும் சர்வதேச அமைப்பான ஐஎஸ்ஓவா, இணையத் தரநிலைகளை உருவாக்கும் ஐஇடிஎஃப்பா என்று இரண்டு மாதம் மல்லுக்கட்டி ஐஇடிஎஃப் பக்கம் போனோம். அதனால் இதை நடுநிலையான அலசல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தெரிந்த கதையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஐஎஸ்ஓவில் வாக்களிப்பவை நாடுகளின் தர அமைப்புகள். ஐஇடிஎஃப்பில் உறுப்பினர் என்ற ஏற்பாடே கிடையாது, யார் வேண்டுமானாலும் விவாதத்தில் சேரலாம். ஐஎஸ்ஓ ஆவணங்கள் பெரும்பாலும் விலைக்கு, ஐஇடிஎஃப் தரநிலைகள் வெளியாகும் எண்ணிட்ட ஆவணமான ஆர்எஃப்சி இலவசம். அரசுக் கொள்முதலில் ஐஎஸ்ஓ எண்ணுக்குத்தான் மவுசு.

ஐஎஸ்ஓ என்றாலே ஆமை வேகம் என்பதும் முழு உண்மையில்லை. ஓடிஎஃப் என்ற அலுவலக ஆவணக் கோப்பு வடிவம் 2005 மே மாதம் ஓயேசிஸ் என்ற அமைப்பின் தரநிலையானது. 2006இலேயே ஐஎஸ்ஓ எண் வந்துவிட்டது. வெளியே முடித்த ஸ்பெக்கை அப்படியே வாக்கெடுப்புக்கு எடுத்துக்கொள்ளும் குறுக்குவழி அங்கே உண்டு. ஆனால் அதில் நுழைய அங்கீகாரம் பெற்ற அமைப்பாக இருக்க வேண்டும். எங்களைப் போன்றவர்கள் ஓயேசிஸ், எக்மா மாதிரி ஏதாவது ஒரு தரநிலை அமைப்பின் தோளில் ஏறித்தான் போக முடியும்.

எங்களை முடிவெடுக்க வைத்தது வேறு: எண் கிடைத்த பிறகு ஒரு பிழை தெரிந்தால் யார், எங்கே, எப்படித் திருத்துவது? ஓடிஎஃப் 1.2 ஓயேசிஸில் 2011இல் முடிந்தது. ஐஎஸ்ஓவில் அது வந்தது 2015இல். நடுவில் நாலு வருடம், "தரநிலைப்படி" என்றால் எந்தப் பதிப்பு? இரண்டு வீட்டில் வளரும் பிள்ளைக்கு இந்தச் சிக்கல் இருக்கத்தான் செய்யும்.

ஐஇடிஎஃப்பிலும் பராமரிப்பு சுலபமில்லை. எங்கள் ஸ்பெக்கில் ஒரு புலத்தின் (கோப்பில் ஒரு தகவலை எழுதும் இடத்தின்) நீளம் அதிகபட்சம் 64 என்று எழுதியிருந்தோம். 64 என்ன? சொல்லவில்லை. 'அம்மா' என்ற சொல் கண்ணுக்கு 3 எழுத்து, எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் 5 குறியீடு, அதைக் கோப்பில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 15 பைட். ஒருவர் பைட்டாக எண்ணினார், இன்னொருவர் குறியீடாக எண்ணினார். ஒருவர் எழுதிய கோப்பை மற்றவர் நிரல் தள்ளிவிட்டது. இத்தனை பேர் படித்துப் பார்த்தும் இது தெரிய வந்தது ஆர்எஃப்சி வெளியான பிறகுதான்.

வெளியான ஆர்எஃப்சியில் ஒரு புள்ளிகூட மாறாது. பிழைத்திருத்தக் குறிப்பு அனுப்பலாம், யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். எங்களுடையது 'அடுத்த பதிப்புக்கு ஒத்திவைப்பு' என்ற நிலையில் நின்றது. ஆவணத்தை மட்டும் இறக்கிப் படிப்பவர் அந்தக் குறிப்பைப் பார்க்கவே மாட்டார். முழுத் தீர்வு வேண்டுமென்றால் புது எண்ணில் புது ஆர்எஃப்சிதான். தரவுப் பரிமாற்ற வடிவமான ஜேசனே 2006இல் ஆர்எஃப்சி 4627, 2014இல் 7159, 2017இல் 8259 என்று மாறி வந்ததுதான். ஆனாலும் எது பழையதை நீக்கியது என்று ஆவணத்தின் தலையிலேயே எழுதியிருக்கும். எனக்கு அது போதும்.

அப்புறம், திருத்தும் உரிமை ஐஇடிஎஃப்புக்குப் போய்விடும். நாங்கள் ஆசையாக வைத்த ஒரு புலத்தின் பெயரை, அங்கே எங்கள் ஸ்பெக்கை எடுத்துக்கொண்ட பணிக்குழு மாற்றிவிட்டது. ஒருவருக்கு இன்னும் கோபம்.

ஐஎஸ்ஓ திருத்தத்தை நான் நடத்திப் பார்த்ததில்லை, அதனால் குறை சொல்ல எனக்குத் தகுதி கம்மி. ஒன்று மட்டும் அவர்கள் பக்கம் நிச்சயமாகப் பலம்: எழுதியவர்கள் விலகிப் போனாலும் ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது 'இது இன்னும் வேண்டுமா' என்ற மறுபரிசீலனை வந்துவிடும். ஐஇடிஎஃப் பணிக்குழுவோ வேலை முடிந்ததும் கலைந்துவிடும். எங்கள் பணிக்குழு கலைந்தாயிற்று, ஸ்பெக் எழுதிய ஐவரில் இரண்டு பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். நீளத்தைப் பைட்டில் சொல்லும் புதிய வரைவு என் பொறுப்பில் இருக்கிறது. ஐஇடிஎஃப் வரைவு ஆறு மாதத்தில் காலாவதியாகும், இந்த வாரம் மறுபடி பதிவேற்ற வேண்டும்.