அந்த 40 கிலோ: மெக்லாரன் 675எல்டி ஸ்பைடருடன் ஆறு ஆண்டுகள்

கூரை திறக்கும் காரை ரேஸ் டிராக்குக்கு ஓட்டிவருகிறவனிடம் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "கூபேயே வாங்கியிருக்கலாமே?" நியாயமான கேள்வி. பிரிட்டனின் மெக்லாரன் நிறுவனம் செய்த 675எல்டியில், கூரை திறக்கும் ஸ்பைடர், நிலையான கூரை உள்ள கூபேயைவிட 40 கிலோ கூடுதல். கிராம் கிராமாக எடையைச் செதுக்கி எடுத்த ஒரு காரில் எதற்காக 40 கிலோவைத் திரும்ப ஏற்ற வேண்டும்? இங்கிலாந்தில் ஆறு ஆண்டுகளில் 31,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். அதில் 23 டிராக் நாட்களும் அடக்கம்; பணம் கட்டி ரேஸ் டிராக்கில் சொந்தக் காரை ஓட்டும் நாட்கள் அவை. அந்த 40 கிலோவை நான் மனமார ஏற்றுக்கொள்கிறேன்.

எல்டி என்பது லாங்டெயில், அதாவது நீள்வால். 1997இல் எஃப்1 ஜிடிஆர் பந்தயக் காரின் வாலை நீட்டி, எடையைக் குறைத்து பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்துக்கு அனுப்பினார்கள். அந்த ஆண்டு ஜிடி1 பிரிவில் அதுவே வென்றது. ஒட்டுமொத்த வரிசையில் இரண்டாம், மூன்றாம் இடங்களையும் பிடித்தது. 2015இல் அந்தப் பெயர் சாலைக் காருக்குத் திரும்பி வந்தது. முதலில் கூபே, டிசம்பரில் ஸ்பைடர். ஸ்பைடரில் 500 கார்கள் மட்டுமே. இரண்டே வாரத்தில் அத்தனையும் விற்றுப்போயின. 3.8 லிட்டர் இரட்டை டர்போ வி8 எஞ்சின், 675 குதிரைத்திறன், 700 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. எண்ணெயும் தண்ணீரும் ஊற்றாத எடை 1,270 கிலோ. இதற்கு அடிப்படையான 650எஸ் ஸ்பைடரைவிட 100 கிலோ குறைவு. மணிக்கு 100 கிலோமீட்டரை எட்ட 2.9 விநாடி, உச்ச வேகம் 326.

சாதாரணக் காரில் கூரையை வெட்டினால் உடல் தளர்ந்துபோகும். அதை ஈடுகட்டத் தரையிலும் கதவடியிலும் கூடுதல் உலோகம் சேர்ப்பார்கள். இங்கே நாம் உட்காரும் தொட்டி முழுவதும் கார்பன் ஃபைபர். அதன் எடை 75 கிலோதான், ஆனால் உறுதிக்காக அது கூரையை நம்பியே இருக்கவில்லை. ஆகவே கூடுதலான 40 கிலோ என்பது கூரைத் தகடுகளும் அவற்றை மடக்கும் பொறியும் மட்டுமே. கல் பாவிய பழைய தெருவில் கூரையைத் திறந்து போகும்போதுகூட முன்கண்ணாடிச் சட்டம் நடுங்குவதில்லை.

டிராக்கில் இதனால் என்ன லாபம்? இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் பந்தயத் தளத்தில் மேகட்ஸ், பெக்கெட்ஸ், சேப்பல் என்று இடமும் வலமுமாக மாறி மாறி வரும் வளைவுகள் இருக்கின்றன. முதல் வளைவில் கார் மிதப்பதுபோல நுழையும். போகப்போக வளைவுகள் இறுகும். அங்கே முன் டயர் பிடியை விடத் தொடங்குவது முதலில் காதுக்குத்தான் தெரிகிறது. ஈரத் தரையில் செருப்பைத் தேய்த்ததுபோல ஒரு சன்னமான உரசல். ஸ்டீயரிங் கையில் லேசாவது அதற்குப் பிறகுதான். நண்பர் ஒருவரின் கூபேயை அதே இடத்தில் ஓட்டியிருக்கிறேன். அந்த உரசல் எஞ்சின் சத்தத்துக்குள் புதைந்துபோனது. திறந்த காரில் அது தனியாகக் கேட்கிறது. ஆக்ஸிலரேட்டரைச் சற்றுத் தளர்த்துகிறேன், மூக்கு உள்ளே திரும்பிவிடுகிறது. என் சுற்று நேரம் குறைந்ததற்கு இந்த ஒரு சத்தத்தைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

அதை அடுத்து வரும் நேர்ப்பாதையான ஹேங்கர் ஸ்ட்ரெயிட்டில் இந்தக் கதை செல்லாது. வேகம் 200ஐத் தாண்டினால் ஹெல்மெட்டைச் சுற்றிக் காற்று இரைவது மட்டுமே கேட்கும். அதன் முடிவில், ஸ்டோ வளைவுக்காகப் பிரேக்கை அழுத்தியதும் பின்னால் ஏர் பிரேக், அதாவது காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும் இறக்கை, எழுந்து நிற்கும். பின்பார்வைக் கண்ணாடி முழுவதையும் ஒரு கறுப்புப் பலகை மூடிக்கொள்ளும். முதல் நாள் திடுக்கிட்டேன். இப்போது அது எழுவதைப் பார்த்தால்தான் நிம்மதி. வளைவு முடிந்து வேகம் தணிந்ததும் பிரேக்கின் சூட்டு வாடையும் டயரின் இனிப்பான ரப்பர் வாடையும் உள்ளே வரும். எப்போது ஓய்வு கொடுக்க வேண்டும் என்பதை மீட்டரைப் பார்த்து அல்ல, அந்த வாடையை வைத்தே முடிவு செய்கிறேன். ஒன்று மட்டும் கவனம்: கூரை திறக்கும் கார்களுக்கு டிராக் நாள் ஏற்பாட்டாளர்கள் ஆளுக்கொரு விதி வைத்திருக்கிறார்கள். சத்தத்துக்கும் அளவு உண்டு. பணம் கட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

சாலையில் இதன் எதிரி மழை. வேகம் மணிக்கு 30 கிலோமீட்டருக்குள் இருந்தால்தான் கூரை மூடும். நெடுஞ்சாலையில் மேகம் திரளும்போது ஒதுங்க இடம் தேட வேண்டும். போன செப்டம்பரில் வேல்ஸ் மலைப்பாதையில் ஒதுங்கப் போனேன். பக்கத்தில் இருந்த மகள், "மூடாதீர்கள் அப்பா, ஓடிக்கொண்டே இருந்தால் மழை தலைக்கு மேலே போய்விடும்" என்றாள். அவள் சொன்னதே சரி. ஓடிக்கொண்டிருந்தவரை ஒரு துளிகூட மேலே படவில்லை. போக்குவரத்து விளக்கில் நின்றபோதுதான் நனைந்தோம். குளிர்காலத்துக்கு வேறொரு வழி உண்டு. கூரையை மூடிவிட்டு, தலைக்குப் பின்னால் இருக்கும் சிறு கண்ணாடியை மட்டும் இறக்கிவிடுங்கள். டர்போ மூச்சு வாங்குவதும், கியர் ஏறும்போது எஞ்சின் சடாரென்று வெடிப்பதும் நேரே காதுக்குள் வரும். மழை மட்டும் வெளியே நிற்கும்.

முதல் உரிமையாளர் ஏசி இல்லாமலே வாங்கியிருக்கிறார். அதனால் 16 கிலோ மிச்சம். வெயிலில் அது குறையாகத் தெரியவில்லை, கூரைதான் திறந்திருக்கிறதே. ஆனால் கோடை மழையில் கூரையை மூடினால் இரண்டே நிமிடத்தில் முன்கண்ணாடி பனித்துவிடுகிறது. துணியால் துடைத்துத் துடைத்து ஓட்ட வேண்டியிருக்கிறது. இந்த 16 கிலோவை மிச்சம் பிடிக்காதீர்கள். ஏசி உள்ள காரையே தேடுங்கள்.

செலவு கனமானது, மறைக்கவில்லை. டிராக்குக்கென்று செய்த மென்மையான டயர்கள் சீக்கிரம் தேயும். குளிர்ந்த ஈரச் சாலையில் சூடேறும்வரை அவற்றை நம்பக் கூடாது. நவம்பர் முதல் மார்ச் வரை நான் வேறு டயர் மாட்டிவிடுகிறேன். பணத்தைவிட மனத்தை வருத்தியது ஒரு டயர் கடை. ஜாக் வைப்பதற்கென்று இருக்கும் இடத்தை விட்டு அடித்தட்டின் விளிம்பில் வைத்துத் தூக்கினார்கள். கார்பன் தகடு கீறிவிட்டது. சரிசெய்து வர நான்கு மாதம் ஆயிற்று, ஒரு கோடையே போயிற்று. அதற்குப் பிறகு ஜாக் வைக்கும் இடங்களின் படத்தை அச்சிட்டு, காரைத் தூக்கப் போகிறவர் கையில் நானே கொடுக்கிறேன்.

500 கார்களில் பல துணி போர்த்திக் கிடக்கின்றன. என்னுடையதும் என்னிடம் வரும் முன் இரண்டு கோடைகளில் 2,900 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. வாங்க நினைப்பவர்கள் குறைந்த கிலோமீட்டரைப் பார்த்து மயங்க வேண்டாம். அடித்தட்டைக் கண்ணால் பாருங்கள். செராமிக் பிரேக் டிஸ்குகளின் தடிமனைக் கேட்டால் போதாது; டிராக்கின் சூட்டில் அவை எடையையே இழக்கும், ஆகவே கழற்றி நிறுத்துப் பார்த்த கணக்கைக் கேளுங்கள். டிராக்கில் ஓடிய கார் என்றதும் விலகிவிடாமல் அதன் பதிவுகளைப் படியுங்கள். என் கார் நோட்டில் 23 நாட்களும் இருக்கின்றன: எந்த டயர், எவ்வளவு காற்று, எத்தனை சுற்று, கூரை திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பது வரை.