1500 ரூபா ஓட்டமும் சும்மா ஓடிய ஓட்டமும்

இந்த வருடம் இரண்டு ஓட்டங்கள் ஓடினேன். ஒன்று மாசியில், டவுனில், 1500 ரூபா கட்டிப் பதிந்து ஓடியது. மற்றது சித்திரை வருடப்பிறப்புக்கு அடுத்த நாள், கிளிநொச்சிக்குக் கிழக்கே ஒரு குடியேற்றக் கிராமத்தில் விளையாட்டுக் கழகம் நடத்தியது. அதற்கு ஒரு சதமும் கேட்கவில்லை. இரண்டிலும் குறை சொல்லப் போகிறேன், அதனால் நடத்தியவர்களின் பெயர் வேண்டாம்.

எனக்கு வயது 41. ஒரு சின்னத் தையற்கடை வைத்திருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் கிளினிக்கில் சீனி எல்லையில் நிற்கிறது, நடவுங்கோ என்றார்கள். நடந்தேன், அலுப்படித்தது, ஓடத் தொடங்கினேன். கிழமை நாட்களில் விடிய ஐந்து மணிக்கு ஏ9 வீதியின் கரையால், ஞாயிற்றுக்கிழமைகளில் இரணைமடுக் குளக்கட்டில். ஐந்து கிலோமீற்றர் ஓட 38 நிமிடம் பிடிக்கும். அதாவது எங்கே ஓடினாலும் பின்னுக்குத்தான் வருவேன். முன்னுக்கு ஓடுகிற பிள்ளைகளுக்குத் தண்ணீரும் இருக்கும், கைதட்ட ஆட்களும் இருப்பார்கள். ஒழுங்கு எப்படி இருந்தது என்று கடைசியில் வருகிறவளைக் கேட்டால்தான் தெரியும்.

முதலில் டவுன் ஓட்டம். ஐந்து கிலோமீற்றர். வங்கியில் காசு கட்டி, துண்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப, அரை மணித்தியாலத்தில் இலக்கம் வந்துவிட்டது. முதல் நாள் பின்னேரம் போய் ரீசேர்ட்டும் இலக்கத் தாளும் எடுத்தேன். அதுவரை ஒரு குறையும் இல்லை.

ரீசேர்ட்டைக் கையில் வாங்கியதும் உட்பக்கம் திருப்பிப் பார்த்தேன். தொழில் பழக்கம். துணி சரியான துணிதான்: கண்ணறை வைத்த பொலியெஸ்ரர். பருத்தி ஓட்டத்துக்குச் சரிவராது, வேர்வையைக் குடித்துவிட்டு ஈரச் சாக்குப் போலத் தொங்கும். ஆனால் அக்குளில் நாலு தையல் சந்திக்கிற இடத்தில் ஓவர்லொக் (துணி பிரியாமல் விளிம்பைச் சுற்றி அடிக்கிற தையல்) அடித்த விளிம்பு கயிறு மாதிரித் தடித்து நின்றது. நூல் கரடு. கழுத்துக்குப் பின்னால் லேபிள் வேறு. நெஞ்சில் ஒன்பது அனுசரணையாளர்களின் பெயர்களை ஒரே பிளாஸ்ரிக் தகடாக அடித்து விட்டிருந்தார்கள். கண்ணறைத் துணி எடுத்து, அந்தக் கண்ணறை முழுவதையும் அடைத்துவிட்டால் என்ன பிரயோசனம்? பெண்களுக்கென்று தனி அளவு இல்லை. 'எல்' என்று தந்தது தோளில் இரண்டு விரல் கீழே இறங்கி, இடுப்பில் இறுக்கிப் பிடித்தது. ஆம்பிளைகளின் வெட்டை அப்படியே சின்னதாக்கி விட்டால் பெண்களுக்குச் சரி என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது கிலோமீற்றரில் அக்குள் எரியத் தொடங்கியது. வீட்டுக்கு வந்து குளிக்கும்போதுதான் தோல் உரிந்தது தெரிந்தது. உப்பு வேர்வையும் சவர்க்காரமும் பட்டால் எப்படி இருக்கும் என்று பட்டவர்களுக்குத் தெரியும். அந்தக் கிழமையே ரீசேர்ட்டின் இரண்டு பக்கத்தையும் பிரித்து, விளிம்பைத் தட்டையாகப் படுக்கவைத்துத் திரும்ப அடித்தேன், லேபிளை வெட்டினேன். இப்போது என்னிடம் இருக்கிறதில் அதுதான் நல்ல ஓட்டச் சட்டை. தைக்கத் தெரியாதவர்கள் போட்டிக்கு முன் அக்குளில் வாசலின் பூசிக்கொண்டு போங்கள்.

தண்ணீர் விஷயத்துக்குத்தான் எனக்குக் கோபம். நடுவில் ஒரே ஒரு இடம், போத்தல் தண்ணீர். நான் போய்ச் சேர மேசையைக் கவிழ்த்து லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "முடிஞ்சுது அக்கா, முன்னுக்குப் போனாக்கள் ரெண்டு ரெண்டா எடுத்திட்டினம்" என்றான் அங்கே நின்ற தம்பி. வாய் வைத்துவிட்டு எறிந்த முக்கால் போத்தல்கள் வழி நெடுகக் கிடந்தன. போத்தலுக்குப் பதில் கோப்பையில் ஊற்றிக் கொடுத்திருந்தால் அதே தண்ணீர் மூன்று மடங்கு ஆட்களுக்குக் கண்டிருக்கும்.

இனி நல்லதையும் சொல்ல வேண்டும். அம்புலன்ஸ் நின்றது. சந்திகளில் பொலிஸ் நின்றார்கள். தூரம் என் போனில் 5.02 காட்டியது, அது கச்சிதம். மலசலகூடம் இருந்தது, பெண்களுக்குத் தனியாக, உள்ளே கொண்டி போடக்கூடியதாக, தண்ணீரோடு. ஆம்பிளைகள் எழுதினால் இதை ஒரு வரியில்கூடச் சொல்லமாட்டார்கள். எனக்கு அந்த 1500இல் ஐந்நூறு அதற்கே போகலாம்.

நேரம் எடுக்கிற முறையும் எனக்குப் புதிது. இலக்கத் தாளின் பின்னால் ஒரு மெல்லிய பட்டை ஒட்டியிருக்கிறது. தொடக்கத்திலும் முடிவிலும் வீதியில் ஒரு பாய் விரித்திருக்கிறார்கள். அதைத் தாண்டும்போது பாயிலிருந்து வருகிற அலை பட்டையை எழுப்பி உங்கள் இலக்கத்தைப் படித்துக்கொள்ளும். பட்டையில் பற்றரி இல்லை, அதனால்தான் அவ்வளவு மெல்லிசு. நான் என்ன செய்தேன் என்றால், தாள் பெரிதாக இருக்கிறது, வயிற்றில் அடிக்கும் என்று அழகாக மடித்துக் குத்திக்கொண்டு போனேன். மடிப்பு சரியாகப் பட்டையின் மேல். பின்னேரம் முடிவுப் பட்டியலில் என் பெயரே இல்லை. அது என் பிழை, ஆனால் மடிக்காதீர்கள் என்று யாரும் சொல்லவும் இல்லை. வாட்ஸ்அப்பில் கேட்டேன். முடிவுக் கோட்டில் எடுத்த வீடியோவைப் பார்த்து இரண்டாம் நாள் சேர்த்துவிட்டார்கள்: 37 நிமிடம் 50 வினாடி. கேட்டதற்குப் பதில் சொல்கிற ஆட்கள், அது பெரிய விஷயம். பதக்கம் பாரமானது. அதைவிட அதன் நாடாவை நெருக்கமாக முடிச்சுத் தையல் போட்டுத் தைத்திருந்தார்கள், அது அறாது.

அப்புறம் சித்திரை.

நோட்டீசில் 'மாபெரும் மரதன் ஓட்டம்' என்று இருந்தது. ஆண்களுக்கு 7 கிலோமீற்றர், பெண்களுக்கு 3. மரதன் என்றால் 42.195 கிலோமீற்றர் என்று 1921இலேயே உலகத்தில் முடிவாகிவிட்டது. வன்னியில் றோட்டில் ஓடுகிற எல்லாமே மரதன்தான், அதில் எனக்கு வழக்கு இல்லை. ஆனால் ஏன் பெண்களுக்கு 3? செயலாளர் தம்பியிடம் கேட்டேன். "பொம்பிளைப் பிள்ளையளுக்கு அது காணும் அக்கா" என்றார். 1984இலேயே ஒலிம்பிக்கில் பெண்கள் முழு மரதன் ஓடிவிட்டார்கள். அதையும் விடுங்கள், 2023இல் 72 வயதில் பிலிப்பைன்ஸ் போய் முதியோர் போட்டியில் தங்கத்தோடு வந்த அகிலத்திருநாயகி அம்மா பக்கத்து முல்லைத்தீவுதானே. தம்பி தலையைச் சொறிந்தார். நிர்வாகம் மேடைக்குப் பின்னால் கூடிப் பேசியது. கடைசியில் வயதான ஒரு ஐயா வந்து, "தங்கச்சி, ஏழு ஓடுறதெண்டா ஓடுங்கோ. பரிசு மட்டும் கேக்கப்படாது" என்றார். சரி என்றேன். பரிசு எடுக்கிற கால்களா இது?

இலக்கம் வெள்ளைத் துணித் துண்டில் மார்க்கரால் எழுதியது. எனக்கு 47. துணி வெட்டின விளிம்பு நூல் நூலாகப் பிரிந்துகொண்டிருந்தது, ஆளுக்கு இரண்டு சட்டைப்பின் மட்டும். இரண்டு பின்னில் குத்தினால் துணி மேலுக்கு எழும்பி மூஞ்சியில் அடிக்கும். என் கைப்பையில் எப்போதும் ஒரு பெட்டி கிடக்கும். பத்துப் பதினைந்து பொடியன்களுக்குக் குத்திவிட்டேன். பாதிப் பேர் வெறுங்கால்.

ஆறு மணி என்று சொன்னது ஆறு ஐம்பதுக்குத் தொடங்கியது. பிரதம விருந்தினர் வரவில்லையாம். இது சின்னக் குறை இல்லை. சித்திரை நடுப்பகுதியில்தான் சூரியன் கிளிநொச்சிக்கு நேர் உச்சிக்கு வருகிறது. அந்த நாட்களில் ஏழு மணி வெயிலே முதுகில் ஏறி உட்கார்ந்துவிடும். ஐம்பது நிமிடம் பிந்தினால் முன்னுக்கு ஓடுகிறவன் அரை மணித்தியாலத்தில் முடித்துவிடுவான், மிச்ச வெயில் முழுக்க எனக்குத்தான். மலசலகூடமும் இல்லை. வாசலில் நின்ற ஒரு அம்மா என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டு, "உள்ள வாங்கோ பிள்ளை" என்று கூப்பிட்டா. இல்லாவிட்டால் பெரிய கரைச்சல்.

பாதை வாய்க்கால் கரையால் போகிற கிரவல் றோட்டு. முன்னுக்குப் போன மோட்டார் சைக்கிள் கிளப்பின செம்மண் புழுதி கடைசி ஆள் வரைக்கும் அடங்கவில்லை. ஒரு வளைவில் கட்டாக்காலி மாடுகள் இருபது, வீதி முழுக்கப் படுத்திருந்தன. ஓடுகிறவள் என்று அவை எழும்பவா போகின்றன? சுற்றிக்கொண்டு போனேன்.

ஆனால் தண்ணீர்! கழகம் வைத்தது இரண்டு இடம், ஊர் வைத்தது இருபது இடம். கேற்றுக்குக் கேற்று ஒரு வாளி, ஒரு செம்பு. ஒரு வீட்டில் தேசிக்காய் பிழிந்து உப்பும் சீனியும் போட்டுக் கரைத்து வைத்திருந்தார்கள். சீனியை யோசித்துக்கொண்டே குடித்தேன். இன்னொரு இடத்தில் ஆறேழு வயதுப் பிள்ளைகள் மூன்று பேர், கேட்காமலே ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிவிட்டார்கள். நல்ல குளிர்மை, ஆனால் சப்பாத்துக்குள் தண்ணீர் போய் வலது பெருவிரலில் கொப்புளம். பிள்ளைகளிடம் என்ன சொல்வது, ஊற்றிவிட்டு அப்படிச் சிரிக்குதுகள்.

திரும்புகிற இடத்தில் ஆளுக்கொரு றபர் வளையம் கையில் மாட்டிவிடுவார்கள், பாதி வழியில் திரும்பி ஓடி ஏமாற்றாமல் இருக்க. என் முறை வர வளையம் முடிந்துவிட்டது. நின்ற பொடியன் யோசித்துவிட்டு என் உள்ளங்கையில் போல்பொயின்ற் பேனையால் 47 என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டான். ஒரு கிலோமீற்றருக்குள் வேர்வையில் அது நீலக் கறையாகிவிட்டது. முடிவுக் கோட்டில் கணக்கெடுத்தவர், "றபர் எங்க?" என்றார். கையை விரித்துக் காட்டினேன். பார்த்தார். "என்ன இது, மருதாணியோ?" என்றுவிட்டு எழுதிக்கொண்டார்.

தூரம் 7 இல்லை, 6.2. போன் கொஞ்சம் பிழை காட்டும், ஆனால் 800 மீற்றர் பிழை காட்டாது. கேட்டால், மோட்டார் சைக்கிள் மீற்றரில் பார்த்தார்களாம். ஒழுங்கான போட்டிகளில் சைக்கிள் சில்லில் சுற்று எண்ணுகிற கருவி பூட்டி, வளைவுகளில் கிட்டின கோட்டால் உருட்டி அளப்பார்கள். குறையக்கூடாது என்று கிலோமீற்றருக்கு ஒரு மீற்றர் கூட்டியும் விடுவார்கள். கழகத்திடம் அவ்வளவு எதிர்பார்க்கவில்லை, 6 என்று போட்டிருந்தால் போதும். இங்கே வந்து, "நான் ஏழு கிலோமீற்றரை நாற்பது நிமிடத்தில் முடித்தேன்" என்று ஊரில் போய்ச் சொல்லாதீர்கள்.

நான் கடைசி. எனக்கு முன்னால் ஓடினவர் குளித்து உடுப்பு மாற்றி நின்றார். கயிறு கட்டின கம்பங்களைக் கழற்றாமல் வைத்திருந்தார்கள், சனமும் கலையவில்லை. ஒலிபெருக்கியில், "அந்தா எங்கட அன்ரி வாறா, எல்லாரும் பலமா ஒருக்காக் கைதட்டுங்கோ" என்று அறிவிப்பாளர் கத்த, அன்ரி என்ற கோபத்திலேயே கடைசி நூறு மீற்றரை வேகமாக ஓடிவிட்டேன். டவுனில் நான் முடிக்கும்போது முடிவுக் கோட்டில் காற்றடைத்து நிறுத்தியிருந்த வளைவைக் காற்று இறக்கி மடித்துக்கொண்டிருந்தார்கள். பாயைச் சுருட்டாமல் வைத்திருந்ததே புண்ணியம்.

பிறகு மரத்துக்குக் கீழே கஞ்சி. பயறு போட்டு, தேங்காய்ப்பால் விட்டது, சிரட்டையில். அதற்கு மட்டும் புள்ளி கொடுப்பதென்றால் பத்துக்குப் பதினொன்று.

உங்களுக்கு நேரம் சரியாகத் தெரிய வேண்டும், ஐந்து என்றால் ஐந்து ஓட வேண்டும் என்றால் டவுன் ஓட்டத்துக்குக் காசு கட்டுங்கள், ஒரு சின்னத் தண்ணீர்ப் போத்தலையும் கொண்டு போங்கள், இலக்கத்தை மடிக்காதீர்கள். முதல்முறை ஓடுகிறவர், மெதுவாக ஓடுகிறவர், ஓடலாமா விடலாமா என்று யோசிக்கிற பெண்கள் கிராமத்து ஓட்டத்துக்குப் போங்கள். தொப்பி, நாலு சட்டைப்பின், மாற்றிப் போட ஒரு சோடி காலுறை.

போன கிழமை அந்தச் செயலாளர் தம்பி கடைக்கு வந்தார். அடுத்த வருடத்துக்கு அறுபது இலக்கத் துணி, விளிம்பு மடித்து, நாலு மூலையிலும் நாடா வைத்துத் தைக்க வேண்டுமாம். எவ்வளவு என்று கேட்டார். துணிக்கும் நூலுக்கும் மட்டும் தாங்கோ, தையற்கூலி வேண்டாம், ஆனால் பெண்களுக்கும் ஏழு போடுங்கோ என்றேன். நிர்வாகத்தைக் கேட்டுச் சொல்கிறேன் என்றுவிட்டு, 2000 ரூபாவை முற்பணமாக மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். துணி இன்னும் வெட்டவில்லை.